பாட்டு கேட்காத வீடு

நாலுவழிச் சாலையை விட்டு மில்லுக்குப் பிரியும் ரோட்டில், இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிற்கும் மில் காலனி வீடுகளில், அந்த ஒரு வருஷம் மட்டும், புத்தாண்டு அன்றைக்கு எடுத்த சபதத்தை யார் மீறினாலும், போன வருஷம் அவருக்கு எந்தப் பாட்டு உயிராக இருந்ததோ அந்தப் பாட்டு அவருடைய நெஞ்சிலிருந்து, தபேலா வயலின் கோரஸ் எதுவும் குறையாமல், தெருக்கோடித் தண்ணீர் டேங்க் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒலித்தது. வாயைப் பொத்தினாலும் நிற்காது, தலையணையை வைத்து அமுக்கினாலும் நிற்காது, மீறல் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பாட்டு. ஏன் இப்படி என்று ஒரு வாரம் பேசினார்கள். மைக்செட்காரர் புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர்தான் காரணம் என்றார்கள், மில் புகைபோக்கியில் இடி விழுந்ததுதான் காரணம் என்றார்கள், அப்புறம் குழாயில் தண்ணீர் வராமல் போகவே எல்லோரும் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அந்தக் காலனிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி ஒன்றாம் தேதி மில்லுக்கு லீவு. காலையில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, நலச்சங்கத்தின் சார்பில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் மைக் முன்னால் வந்து, போன வருஷம் தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது, இந்த வருஷம் தான் விடப்போவது எது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சொன்னதும் மைக்செட்காரர் அந்தப் பாட்டைப் போடுவார், ஜனங்கள் கைதட்டுவார்கள், கேசரியும் காராபூந்தியும் இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். பொங்கல் கரும்பைக் கடிப்பதற்குள் முக்கால்வாசிச் சபதம் காற்றில் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கைதட்டுவார்கள். ஒருத்தர் சபதத்தைப் பற்றி இன்னொருத்தர் திரும்பக் கேட்பதில்லை என்கிற மரியாதை அதுவரைக்கும் அந்தக் காலனியில் இருந்தது.

அந்த வருஷமும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் அருணகிரி அண்ணாச்சி. சங்கத் தலைவர், மில்லில் மேஸ்திரி, வெற்றிலைகூடப் போடாத மனிதர். தளவாய் வந்து மைக்கைப் பிடித்தான். ஒரு கதாநாயகன் ஜீப்பிலிருந்து குதித்து நடந்து வருகிற, பறையும் டிரம்பெட்டுமாக அதிருகிற ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு, "இந்த வருஷம் நான் தண்ணி அடிக்க மாட்டேன்" என்றான். விசில் பறந்தது. அவன் பெண்டாட்டி உலகேஸ்வரி, காலனிக்கெல்லாம் உலகு, கூட்டத்தின் கடைசியில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கைதட்டவில்லை. தட்டக்கூடாது என்றில்லை. முந்தின வாரம் அவன் முறுக்கிய வலது மணிக்கட்டு புடவைத் தலைப்புக்குள் வீங்கிப் போய்க் கிடந்தது. அவளைக் கூப்பிட்டபோது ஏதோ ஒரு சாமி பாட்டைச் சொல்லி, "இந்த வருஷம் சீரியல் பாக்கதைக் குறைச்சுக்கிடுவேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அவளுடைய சபதம் அது இல்லை. அன்று காலையில் மகளுக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தபோதே அவள் மனசுக்குள் எடுத்து முடித்துவிட்டாள். அடிபடுவதை இனிமேல் யாரிடமும் சொல்வதில்லை என்பதுதான் அது. போன ஐப்பசியில் தாங்க முடியாமல் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள்; ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரியான அம்மா அப்போதே பஸ் ஏறி, வந்து இறங்கிய இடத்திலேயே சாய்ந்து, இன்றைக்கும் படுக்கையை விட்டு எழாமல் கிடக்கிறாள். "ஒங்கம்மாவப் படுக்க வச்சது நீதான், ஒன் வாய்தான்" என்று தளவாய் அதைச் சொல்லிச் சொல்லி அடித்தான். அவளும் அதை நம்பிவிட்டாள், பாவி மகள்.

சபதம் மைக்கில் சொன்னது அல்ல, நெஞ்சில் எடுத்ததுதான் என்பதைக் காலனி ஒரு கல்யாண வீட்டில் தெரிந்துகொண்டது. தினமும் பத்துக் குறள் படிப்பேன் என்று மைக்கில் சொன்ன தமிழ் வாத்தியார் ஒரு குறளும் படிக்காமல் பொங்கல் தாண்டி நிம்மதியாக இருந்தார், பாட்டு வரவில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டாரோ இல்லையோ, சர்க்கரை வியாதிக்குப் பயந்து அவர் ரகசியமாக எடுத்திருந்த சபதம் உடைந்து, அவர் மைக்கில் சொன்ன பக்திப் பாட்டுக்குப் பதிலாக, இடுப்பு ஒடிய ஆடுகிற ஒரு குத்துப்பாட்டு அவர் கதர்ச் சட்டைக்குள்ளிருந்து கிளம்பிப் பந்தலையே ஆட்டியது. அவர் மென்று முடிக்கும்வரை பாடியது. அவசரமாக முழுங்கினார், பாவம், ஜாங்கிரி அவசரத்துக்கு இறங்குகிற பண்டமா.

மாசி பிறப்பதற்குள் காலனி அதற்குப் பழகிவிட்டது. வாட்ச்மேன் பீடி பற்றவைத்தால் ஒரு சோகப்பாட்டு, மளிகைக்கடைக்காரர் தராசில் கை வைத்தால் ஒரு டூயட், மாமியாரோடு சண்டை போடமாட்டேன் என்று சத்தியம் செய்த மருமகள் வீட்டில் காலை முழுக்க ஒரு படகுப்பாட்டு என்று, எந்த வீட்டில் எது ஒலித்தாலும் தலையைத் தூக்காமலே இன்னாருடையது என்று சொல்ல எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் அதை வைத்து ஒரு விளையாட்டே கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தை விசாரிப்பதை விட்டுவிட்டு, "பையன் பாட்டு எப்பமாச்சும் கேட்டிருக்கா?" என்று விசாரித்தார்கள். பாட்டே கேட்காத வீடு என்று ஒன்றிருந்தால் அது அருணகிரி அண்ணாச்சி வீடுதான். அவரிடமிருந்தும் ஒரு சத்தம் வந்ததில்லை, அவர் பெண்டாட்டி தங்கபுஷ்பத்திடமிருந்தும் ஒரு முணுமுணுப்பு வந்ததில்லை. அண்ணாச்சியே பெயிண்ட் வாங்கிக் கொடுத்துத் தண்ணீர் டேங்க் சுவரில் பெரிதாக எழுத வைத்தார்: 'பாட்டு இல்லாத வீடு பழுது இல்லாத வீடு.' எழுதி நாலு வாரத்தில் அது பாட்டன் காலத்துப் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. சண்டை என்று வந்தால் யாரும் சாட்சி கேட்பதில்லை. பாட்டு கேட்டதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

தளவாயின் பாட்டு சிவராத்திரிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. பைபாஸ் கடையில் அவன் முதல் மடக்கைக் குடித்த இடத்திலேயே ஜீப்பிலிருந்து குதிக்கிற அந்தப் பாட்டு பறையோடும் டிரம்பெட்டோடும் தொடங்கி, அவன் கூடவே ரோட்டில் நடந்து, காலனிக்குள் திரும்பி, வீட்டுக்குள் நுழைந்து, கதவு சாத்திய பிறகும் உள்ளேயிருந்து அதிர்ந்தது. பாட்டுக்கு நடுவில் உலகுவின் அலறலும் கேட்டது. முதல் தடவை பத்துப் பேர் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்கள். அதற்கடுத்த தடவைகளில் தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். பங்குனி வந்தபோது, அந்தப் பாட்டு தெருமுனையில் கேட்டதும் பெண்கள் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள், சின்னப் பிள்ளைகள் மட்டும் தாளத்துக்கு ஏற்ற மாதிரி தெருவில் ஆடிக்கொண்டிருக்கும். ஆடின பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் அது என்ன பாட்டு என்று சொல்லவில்லை.

கடைசியில் அருணகிரி அண்ணாச்சிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏல தளவாய், ஒம் பாட்டைக் கேட்டுக் கேட்டு மில் மேனேஜருக்கே அது மனப்பாடமாயிட்டுல. குடியை விட்டுரு. மானம் போகுது."

தளவாய்க்கு மானம் பெரிது. விட்டுவிட்டான். அதில் பொய் இல்லை, உண்மையாகவே விட்டான்; பைபாஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சித்திரை மாதக் கோவில் கொடையில் அண்ணாச்சி அவனுக்குத் துண்டு போர்த்தி, "திருந்துன மனுசன்னா இவன்தான்" என்று மைக்கில் சொன்னார். பெண்கள் குழாயடியில் உலகுவைச் சூழ்ந்துகொண்டு, "குடுத்து வச்சவ நீ, ஒம் வீட்டுல இப்பம் பாட்டுச் சத்தமே இல்லயே" என்றார்கள். அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

குடியைத்தான் அவன் விட்டான். கையை நீட்டமாட்டேன் என்று அவன் எங்கேயும் சபதம் எடுத்தது கிடையாது. அது தப்பு என்று நினைத்தால்தானே எடுப்பதற்கு. குடித்தபோது அவன் அடி தாறுமாறாக விழும், சில சமயம் சுவரில் விழும். இப்போது தெளிந்த தலையோடு, எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்று யோசித்து, வயிற்றிலும் முதுகிலும் பார்த்துப் பார்த்து அடித்தான். முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிவாக்கில் வருவான், குளித்து, விபூதி பூசி, கதவைச் சாத்தி, அடுப்படியில் மிக்ஸியைச் சும்மா ஓடவிடுவான். எதிர்வீட்டில் அதைக் கேட்டு, "தளவாய் பெண்டாட்டிக்குச் சட்னி அரைச்சுக் குடுக்கான் பாரு" என்று தன் புருஷனைக் குத்திக்காட்டினாள் ஒருத்தி.

பழைய பாட்டு ஒலித்த நாட்களில் கதவைத் தட்ட ஒருவராவது வந்தார். இப்போது ஒருவரும் இல்லை. எந்தப் பெண்ணும் வேண்டாததை உலகு வேண்டத் தொடங்கினாள். புருஷன் மறுபடி குடிக்க வேண்டும் என்று இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். குடித்தால் பாட்டு வரும், பாட்டு வந்தால் தெரு நம்பும். ஒரு நாள், முன்பு அவன் பாட்டிலோடு உட்காரும்போது கேட்டு வாங்கித் தின்கிற மாதிரியே, ஆட்டு ஈரலை மிளகு தூக்கலாகப் போட்டுச் சுருள வதக்கித் தட்டில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். ஒரு துண்டை எடுத்து மென்றான். அப்புறம் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னையக் குடிக்க வைக்கப் பாக்கியா?"

"இல்ல. பிள்ள கேட்டா, அதான்."

"என் பாட்ட ஊரு கேக்கணும். அதான ஒனக்கு வேணும்?" என்று எழுந்துபோய், நிதானமாகக் கையைக் கழுவி, துடைத்து, மிக்ஸியைப் போட்டான்.

அதிலிருந்து அவள் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மிக்ஸி ஓடாதபோதும் அவளுக்கு அது ஓடுகிற மாதிரியே இருந்தது. அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது; படுக்கையில் கிடக்கிற அம்மாவை நினைத்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்படியே வருஷம் ஓடிவிடும், ஒருவேளை தானும் போய்ச் சேர்ந்துவிடலாம், செத்தால்கூடப் பாட்டு கேட்காத வீட்டில் செத்ததாகத்தான் தெரு நினைக்கும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை, தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிட்ட மகளை அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். குழந்தை அழவில்லை. அடுப்படிக்கு ஓடி, ஸ்டூலில் ஏறி, தானே மிக்ஸியைப் போட்டது. அப்பா அடிக்கிறபோது செய்யவேண்டிய வேலை அது என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு உலகுவால் எந்தச் சபதத்தையும் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். உலகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குடமில்லாமல் வந்தாள். தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் போய் நின்று, "மதினி, அவரு என்னைய..." என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாட்டு பீறிட்டது. மைக்கில் சொன்ன சாமி பாட்டு இல்லை. ஒரு பெண் மழையில் தனியாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரை விட்டுக் கையை விரித்துக்கொண்டு பாடுகிற பாட்டு. புல்லாங்குழலும் சைக்கிள் மணியுமாகத் துள்ளுகிற பாட்டு. போன வருஷம் முழுக்க அடுப்படியில் அவள் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு இப்போது காலனி முழுக்கக் கேட்டது.

பெண்கள் குடங்களை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். "பாட்டு உலகுகிட்டருந்துல்லா வருது? ஏட்டி, நீயா?"

சொல்ல வாயெடுத்தாள், பாட்டு கூடியது. வாயை மூடினாள், நின்றது. மறுபடி திறந்தாள், மறுபடி புல்லாங்குழல். அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. சொல்வதுதான் மீறல். சொல்லச் சொல்லப் பாட்டு, பாட்டு கேட்கக் கேட்க அவள்தான் குற்றவாளி.

வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. பல் தேய்த்துக்கொண்டே வந்தவர்கள், செய்தித்தாளோடு வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கறி வாங்கக் கிளம்பிப் பையோடு நின்றவர்கள். தளவாய் வெள்ளைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டே நிதானமாக வந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்னல இது?" என்றார் அருணகிரி அண்ணாச்சி.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. நீங்களே கேளுங்க. நானும் இப்பந்தான் இந்தப் பாட்டைக் கேக்கேன்."

அண்ணாச்சி அவளிடம் மெதுவாகத்தான் பேசினார். "உலகு, மைக்குல சொன்னதை விடு. மனசுல என்ன சபதம்மா எடுத்த? எதை மீறுன? தைரியமாச் சொல்லு. காலனி ஒன்னும் ஒன்னையக் கடிச்சித் தின்னுறாது."

அவள் தைரியமாகத்தான் சொன்னாள். தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னாள். சைக்கிள் மணி கிணிகிணி என்று ஒலிக்க, கோரஸ் பெண்கள் லாலா போட, மழை கொட்ட, அவள் உதடுகள் மட்டும் அசைவது தெரிந்தது. கூட்டத்தில் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"சந்தோசப் பாட்டால்லா இருக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி, பக்கத்தில் நின்றவளிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "புருசன் திருந்தி நல்லா இருக்கான். இவளுக்கு எவங்கூடயோ சைக்கிள் கேக்குது போல."

அந்தப் பேச்சு கூட்டத்துக்குள் பரவின வேகத்தை உலகு பார்த்துக்கொண்டே நின்றாள். முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. அவள் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு சட்டென்று நின்றது. நின்றதே அவர்களுக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "சரி, சொல்ல முடியாத விசயம்னா விட்டுரு. பொம்பளப் பிள்ள, நடுத்தெருவுல நிறுத்தி வச்சிக் கேக்கது அழகில்ல. புருசன்கிட்ட ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு வீட்டுக்குப் போ. மத்தத வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கிடுங்க."

"நான் மன்னிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றான் தளவாய். உலகுவின் இடுப்பிலிருந்த மகளை வாங்கிக் கீழே இறக்கி, அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வா, போவோம்."

அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மரத்தடியிலிருந்து பார்த்தால் அடுப்படி மேடை வரைக்கும் தெரியும். காலனி அவளுக்காக விலகி வழிவிட்டது. அந்த வாசலுக்குள் இன்றைக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று உலகுவுக்கு, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று தெரிவது மாதிரி, சாதாரணமாகத் தெரிந்தது. ஓட முடியாது, பிள்ளையின் கை அவனிடம் இருந்தது. அவள் தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மறுபடியும் வாயைத் திறந்தாள். மழை கொட்டியது, சைக்கிள் கிளம்பியது.

"போதும் உலகு, பாட்ட நிறுத்து" என்று யாரோ கத்தினார்கள்.

தங்கபுஷ்பம் அதிகம் பேசாத பொம்பளை. கொடை வரி வசூலிக்கப் போனாலும் வாசலில் நின்று சிரிப்பாள், அவ்வளவுதான். தலைவர் வீட்டம்மா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் தங்கள் மகள்களுக்குச் சொல்வார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். நடந்துபோய், உலகுவின் தோளைப் பிடித்து, ஜுரத்தில் கிடக்கிற பிள்ளை முனகுவதைக் கேட்கிற மாதிரி, தன் காதை அவள் வாயோடு ஒட்டி வைத்தாள்.

காலனிக்குப் பாட்டு மட்டும் கேட்டது. ஒரு சரணம் முடிந்து, இடையிசை வந்து, அடுத்த சரணம் தொடங்கி, பல்லவிக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவ்வளவு இருந்தது அவளுக்குச் சொல்ல. தங்கபுஷ்பம் காதை எடுக்கவில்லை. கறி வாங்கப் போகிறவர்கள்கூட அசையவில்லை. அவள் முகத்தில் என்ன வருகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். அதிர்ச்சி எதுவும் வரவில்லை. தெரிந்த ஊருக்கு வழி சொல்லக் கேட்கிறவளைப் போல ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னட்டி சொல்லுதா?" என்றார் அண்ணாச்சி.

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். "அடிக்கானாம். குடிக்காம அடிக்கானாம். மிக்ஸிய ஓடவிட்டுட்டு அடிக்கானாம். நேத்துப் பிள்ளைய முடியப் பிடிச்சித் தூக்கிட்டானாம்."

தளவாய் சிரித்தான். "மதினி, நீங்களுமா? நான் குடியை விட்டது காலனிக்கே தெரியும். எம் பாட்டை யாராச்சும் கேட்டியளா? சொல்லுங்க. ஒருத்தராச்சும் கேட்டியளா?"

கேட்கவில்லை என்று கூட்டம் தலையாட்டியது. கேட்கவில்லைதான். தமிழ் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடிக்காத மனுசன் எதுக்கும்மா பொண்டாட்டிய அடிக்கப் போறான்? ஒரு நியாயம் வேண்டாமா?" என்றார்.

தங்கபுஷ்பம் வாத்தியாரைப் பார்க்கவில்லை, தளவாயையும் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்தாள். மேல் பொத்தான் வரை போட்ட சட்டை, சந்தனப் பொட்டு, வெற்றிலைக் கறைகூடப் படாத பல்.

"அடிப்பாக" என்றாள். "குடிக்காதவுகளும் அடிப்பாக. எனக்குத் தெரியும்."

அவள் நெஞ்சிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. அதைத் தொடர்ந்து பம்பை, உடுக்கை, உறுமி. ஒரு கரகாட்டக்காரி நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லையில் ஆடி நுழைகிற பாட்டு. அந்தக் காலனியில் அந்த வருஷம் ஒலித்த எல்லாப் பாட்டையும்விடச் சத்தமான பாட்டு, யாருமே கேட்டிராத பாட்டு, பாட்டு கேட்காத வீட்டின் பாட்டு. என்ன சபதம் என்று யாரும் கேட்கவில்லை. எட்டு மாசமாகப் பாட்டுகளோடு குடித்தனம் நடத்தின ஜனங்களுக்கு அது கேட்காமலே புரிந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள், பாட்டும் நின்றது.

"வாய மூடுட்டி" என்றார் அருணகிரி அண்ணாச்சி.

கத்தவில்லை. பல்லைக் கடித்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் மைக்கில் பேசுகிற, சமாதானம் செய்கிற, துண்டு போர்த்துகிற குரல் அதுவல்ல. நாள்தோறும் புழங்கித் தேய்ந்த இன்னொரு குரல், அதுவரை அந்த வீட்டுச் சுவர்கள் மட்டும் கேட்டிருந்த குரல். அதைச் சொல்லிவிட்டு அவரே பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் வாயை மூடவில்லை. "கல்யாணம் ஆன வருசத்துலருந்து சொல்லுதேன் கேட்டுக்கோ" என்று உலகுவிடம் ஆரம்பித்து, பேசிக்கொண்டே தளவாயிடம் போய், குழந்தையின் கையைப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் இறுக்கினான். காலனி மொத்தமும் இப்போது அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்தது. பிள்ளையின் மணிக்கட்டில் அவன் விரல் பதிந்திருக்கிற விதத்தைப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தப் பாட்டும் அவனிடமிருந்து வரவில்லை, ஆனாலும் அவன் கையை விட்டான்.

இரண்டு பெண்களும் குழந்தையும் டேங்க் சுவரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூடவும் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் போன பிறகு, இரண்டு வரிசை வீடுகளிலும் பெண்கள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள், வாயைத் திறப்பதா வேண்டாமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு. ஆண்கள் அந்த முகங்களைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தார்கள்.

டவுன் பஸ் வந்தது. கோவில்பட்டி மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்து நிறுத்தம் என்று சொல்லி ஏறி, நடு சீட்டில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒருத்தி சொல்ல மற்றவள் காதை ஒட்டி வைத்துக் கேட்பாள், அப்புறம் இவள் சொல்ல அவள் கேட்பாள். பஸ்ஸுக்குள் மழையில் சைக்கிள் போனது, உறுமி உறுமியது, புல்லாங்குழலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு முன்னாலிருந்து வந்தார்.

"யாரும்மா அது, செல்லுல ரெண்டு பாட்டப் போட்டு அலற விடுதது? ஆஃப் பண்ணுங்க முதல்ல."

தங்கபுஷ்பம் உலகுவின் வாயிலிருந்து காதை எடுத்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"செல்லு இல்ல தம்பி" என்றாள். "நாங்க பேசிக்கிட்டு வாரோம்."